ருசி பார்க்காத சாம்பார்

என் அம்மா ருசி பார்க்காமல் சமைப்பவர். மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, அம்மாவும் அவர் தங்கையான என் சின்னம்மாவும் பூஜைகளுக்குச் சாப்பாடு செய்து கொடுக்கிறார்கள். சாமிக்குப் படைப்பதைப் படைக்கும் முன் வாயில் வைக்கக் கூடாது. வாசனையிலேயே உப்பு தெரிந்துவிடும் என்பார்கள் இருவரும். தெரியாது. நான் சாப்பிட்டிருக்கிறேன்.

குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வணிக நிர்வாகம். வாடிக்கையாளரிடம் கேள், குறையைத் தெரிந்துகொள், திருத்து என்று படித்தேன். அதை நம்பி ஒவ்வொரு பூஜைக்குப் பிறகும் வாட்சப்பில் கேட்டேன். எல்லாரும் கைகூப்பிய படத்தோடு “ரொம்ப நல்லா இருந்துச்சு” என்று அனுப்பினார்கள். பிறகு பலர் கூப்பிடவே இல்லை. பிரசாதத்தைக் குறை சொன்னால் சாமி குத்தமாம். தரம் கெட்டுப்போனால் அதைச் சொல்லவே ஆளில்லாத வியாபாரத்தை எப்படித்தான் நடத்துவது?

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஆபிஸ் புது இடத்துக்கு மாறியது. திறப்பு பூஜைக்கு எங்கள் சாப்பாடு. அங்கே நிர்வாகம் பார்க்கும் ஆன்டி முன்பே சொல்லியிருந்தார்: “ஸ்டாஃபுக்கு டெய்லி லஞ்ச் வேணும் தம்பி. பூஜை சாப்பாட்டைப் பாத்துட்டு முடிவு பண்றோம்.” அது கிடைத்தால் அம்மா அமாவாசை எப்போது, கிருத்திகை எப்போது என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அன்று காலை கெஞ்சினேன். “ம்மா, இன்னிக்கு மட்டும் உப்பை அளந்து போடுங்க.”

“நான் என்ன லேப்லயா வேலை செய்றேன்? போய் வேனைக் கழுவு லா.”

“அப்ப ஒரு கரண்டி எடுத்து நம்ம சாமிக்குப் படைச்சிட்டு ருசி பாப்போம்.”

சின்னம்மா பாய்ந்தார். “நம்ம சாமி சாப்பிட்ட மிச்சத்த அவங்க சாமிக்குக் கொண்டு போவியா? நல்லா படிச்ச போ!”

நான் வேன் கழுவும்போது அம்மா சாம்பாரில் உப்பைப் போட்டுவிட்டுப் போன் பேசப் போயிருக்கிறார். அக்கா மறந்துவிட்டார் என்று நினைத்துச் சின்னம்மாவும் போட்டிருக்கிறார். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆபிஸில் பூஜை முடிந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். சாம்பார் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் மொத்த மேசையும் தயிருக்குக் கை நீட்டியது. நானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். போர்ட் கிள்ளான் கடல் தண்ணீர்தான்.

ஆன்டி பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டே, “சூப்பர் தம்பி,” என்றார்.

“உப்பு ஜாஸ்தியா இருக்கே, ஆன்டி.”

“சேச்சே, பிரசாதம் லா. அப்படிலாம் சொல்லக் கூடாது.”

“நீங்க சொன்னாத்தானே நாங்க திருத்த முடியும்?”

அவர் இன்னொரு மடக்குத் தண்ணீர் குடித்தார். “தயிர் நல்லா இருந்துச்சு தம்பி.”

தயிர் கடையில் வாங்கியது.

வேன் கிள்ளானுக்குத் திரும்புவதற்குள் ஆன்டியின் குரல் செய்தி வந்துவிட்டது. வீட்டில் போட்டுக் காட்டினேன். “லஞ்சுக்கு வேற ஆள் பாத்துட்டோம் தம்பி. ஆனா பூஜைன்னா உங்களத்தான் கூப்பிடுவோம்.”

அம்மா முகம் மலர்ந்தது. “பாத்தியா? பூஜைக்கு நம்மளத்தான் தேடுறாங்க.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மிச்சச் சாம்பாரில் ஒரு கரண்டி எடுத்து நீட்டினேன். “படைச்சாச்சு. இப்பவாவது வாயில வைங்க.”

வைத்தார். முகம் மாறியது. சின்னம்மா பக்கம் திரும்பினார். “நீயும் உப்பு போட்டியா?”

“நீ போடலன்னு நெனச்சேன்க்கா.”

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “அத்தன பேர் சாப்பிட்டாங்க. ஒரு ஆளாவது வாயத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?”

எத்தனை மாதமாக நான் வாயைத் திறந்து சொல்கிறேன்? கரண்டியை வாங்கிக் கீழே வைத்தேன். “இனிமே உப்ப ஒரே ஆள்தான் போடணும். அளந்துதான் போடணும்,” என்றேன்.

இருவரும் முதல் முறையாகத் தலையாட்டினார்கள்.

“யாரு போடறது?” என்று கேட்டார் சின்னம்மா.

“நான்தான்,” என்றார் அம்மா.

“ஏன், எனக்குப் போடத் தெரியாதா?”