வாடிப்பட்டிக்குப் போன பஞ்சுக் குச்சி

பிரசவ ஆஸ்பத்திரி ஆயாவுக்கு வெட்கம் ஆகாது. எனக்கோ அது நிறையவே உண்டு. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்னிடம் போய் டாக்டரம்மா அந்த வேலையைக் கொடுத்தார்.

தல்லாகுளத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் கர்ப்பிணிகளுக்கு எட்டு மாதம் முடிந்ததும் ஒரு பஞ்சுக் குச்சி கொடுப்போம். கழிவறைக்குள் போய், முதலில் பிறப்புறுப்பில், பிறகு அதே குச்சியால் ஆசனவாயில் தொட்டெடுத்து, குப்பிக்குள் போட்டுத் தர வேண்டும். ‘பி’ வகை ஸ்ட்ரெப் என்ற கிருமி இருக்கிறதா என்று லேபில் பார்ப்பார்கள். நல்லாயிருக்கிற பெண்கள் உடம்பிலேயே அது சத்தமில்லாமல் குடியிருக்குமாம். அவளை ஒன்றும் செய்யாது. பிரசவத்தில் பிள்ளைக்குத் தொற்றினால்தான் ஆபத்து, சில சமயம் உயிருக்கே. முன்பே தெரிந்தால், வலி எடுத்ததும் தாய்க்கு ஊசி போட்டுப் பிள்ளையைக் காப்பாற்றலாம்.

“நர்சு சொன்னாப் பயப்படுறாங்க. நீங்க சொன்னா வீட்டாளு சொன்ன மாதிரி இருக்கும்” என்றார் டாக்டரம்மா.

இப்போது எழுதிவிட்டேன். அன்றைக்கு இந்த வார்த்தைகள் வாயில் வரவில்லை. குச்சியை நீட்டி, “உள்ள போயி எடுத்துட்டு வா தாயி” என்பேன். டாக்டரம்மாவுக்குப் போகிற பொருள் அழுக்காக இருக்கலாமா? “நல்லாக் கழுவிட்டு எடு” என்று கிருமிநாசினி பாட்டிலையும் காட்டுவேன். அதை அங்கே வைத்ததே நான்தான்.

இரண்டு வாரம் கழித்து லேப் பெண் வந்து நின்றாள்.

“ஆயாம்மா, இம்புட்டுக் குச்சி வந்திருக்கு. ஒண்ணுலகூட ஒண்ணும் வளரல. எடுக்குறதுக்கு முன்னாடி என்ன செய்யச் சொல்றீக?”

சொன்னேன்.

“கிருமியத் தேடச் சொன்னா, குளிப்பாட்டிக் கொன்னு அனுப்புறீகளே!”

டாக்டரம்மா திட்டவில்லை. எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டார். ஒருத்தி மட்டும் வரவில்லை. செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிறவர் மனைவி, தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து வாடிப்பட்டித் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பிரசவமும் அங்கேதான். கொண்டுபோன சீட்டில் ‘கிருமி இல்லை’ என்றிருக்கும். அதைப் பார்த்த பிறகு யார் ஊசி போடுவார்கள்?

போன் அடித்தேன். அவள் அப்பா எடுத்தார்.

“யாருங்க? என்ன விசயம்?”

ஆம்பிளையிடம் எதைச் சொல்ல? “சும்மாதான்யா” என்று வைத்துவிட்டேன். மகளைக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம் என்ற புத்தி, குச்சியோடு பஸ் ஏறிய பிறகுதான் வந்தது.

அந்த வீட்டில், பிள்ளைத்தாச்சியைப் பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர். அவள் அம்மா குச்சியைப் பார்த்ததும், “கொரோனாவா? மூக்கக் காட்டுடி” என்றார். அவளும் அண்ணாந்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“மூக்கு இல்லக்கா...”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இப்போதும் பாதி சொன்னால் அவள் பாதிதான் எடுப்பாள். கண்ணை மூடிக்கொண்டு, கழுவக் கூடாது என்பதில் தொடங்கி முன்னால், பின்னால் வரைக்கும் சொல்லி முடித்தேன்.

“அடியாத்தீ!” என்றார் அவள் அத்தை. “இதச் சொல்லவா பஸ்ஸேறி வந்தீக?”

சிரிப்பு அடங்கவில்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “எம் மகளுக்கு என்ன சீக்கு?”

“சீக்கே இல்லக்கா. பிள்ளைக்கு ஒட்டாமப் பாக்க வேண்டிய ஒரு கிருமி. உங்களுக்கும் இருக்கலாம், எனக்கும் இருக்கலாம்.”

“அப்ப எங்களுக்கும் ஆளுக்கொரு குச்சி குடுங்க” என்றார் அத்தை.

அவள் எடுத்துத் தந்த குச்சியை லேபில் சேர்த்தேன். அதில் கிருமி வளர்ந்தது. லேப் பெண் ரகமும் பார்த்துச் சொன்னாள். “ஒரே கிருமிலயே பல ரகம் ஆயாம்மா. மேல போத்தியிருக்குற உறைய வச்சுப் பிரிப்போம். இது மூணாவது ரகம். பிள்ளைகளப் படுத்துறதுல பேர் போனது.”

“ஊசி மாத்திப் போடணுமா?”

“எந்த ரகமா இருந்தாலும் அதே ஊசிதான். ஊருக்கு ஊரு எந்த ரகம் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் நாளைக்குத் தடுப்பூசி செய்யலாம்.”

மறுபடி போன் அடித்தேன். மறுபடி அவள் அப்பா. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, “அய்யா, உங்க மக உடம்புல ஒரு கிருமி இருக்கு. அவளுக்குக் கெடுதி இல்ல. வலி எடுத்ததும் ஊசி போடணும். புதுச் சீட்டு அனுப்புறோம், பழசக் கிழிச்சுப் போடுங்க” என்றேன். அவர் கேட்டுவிட்டு, “சரிங்கம்மா, எழுதிக்கிறேன்” என்றார். அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து அவள் அம்மா கூப்பிட்டார். “ஆயாம்மா, வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போன ஒடனே சீட்டக் காட்டுனோம், ஊசி போட்டாக. பேத்தி! ரெண்டு நாளு வச்சுப் பாத்துட்டு, ஒரு கொறையுமில்லன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாக.”

அத்தை போனைப் பிடுங்கினார். “எம் மருமகளுக்கும் எட்டு முடியப் போகுது. நாங்களே அங்க வாரோம். குச்சிய எடுத்து வைங்க!”

அதற்குள் பிள்ளை வீறிட்டது. காதைத் துளைக்கிற சத்தம். இருந்தும் போனைத் தள்ளிப் பிடிக்க மனசு வரவில்லை.