மூடியில் ஒட்டிய மாவு

விசில் வராத குக்கர் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு கொரியக் குடும்பம் ஊருக்குத் திரும்பிய வாரத்தில். அந்த வீட்டுக்காரர் என் மனைவி வேலை செய்யும் கம்பெனியில் பெரிய இன்ஜினீயர். போகிற அவசரத்தில் வீட்டுச் சாமான்களை அசெம்பிளி லைனில் இருந்த பெண்களுக்கே கொடுத்துவிட்டார்கள். என் மனைவியின் பங்குக்கு வந்தது இது. கனத்த பீங்கான் பாத்திரம், அதைச் சுற்றி மின்சாரச் சட்டை, கண்ணாடி மூடி. பொத்தான்களில் வட்டமும் கோடுமாகக் கொரிய எழுத்து. எங்களுக்குப் புரிந்தது விளக்கின் நிறம் மட்டும்தான். மஞ்சள் எரிந்தால் மெதுவாக வேகும்.

"விசில் அடிக்காதுன்னா வெந்துச்சான்னு எப்படிய்யா தெரியும்?" என்றாள் முதல் நாள்.

"தெரியாது. எட்டு மணி நேரம் உட்டுட்டுப் போவணும்."

"எட்டு மணி நேரமா? ஒரு ஷிப்டே முடிஞ்சிடும். கொழம்புக்கும் கார்டு பஞ்ச் அடிக்கணும் போல கீது."

சிரித்தாலும், அது எனக்காக வந்த பாத்திரம் என்று இருவருக்கும் தெரியும். நான் ஒரு பெரிய ஷெட்டில் மேலே ஓடும் கிரேன்களைப் பராமரிக்கிறவன். நாற்பதடி உயரத்தில் இரும்புப் பாலத்தின்மேல் நடந்து மோட்டாரையும் பிரேக்கையும் பார்ப்பது என் வேலை. அதற்கு வருடா வருடம் ஹைட் பாஸ் வாங்க வேண்டும். உயரத்தில் ஏறலாம் என்று கம்பெனி டாக்டர் கையெழுத்திட்ட அட்டை அது. இடுப்பில் கட்டும் பெல்ட் நூறு கிலோ வரைக்கும்தான் தாங்கும் என்று அதன் துணியிலேயே அச்சடித்திருக்கிறது. நான் நூற்றெட்டு இருந்தேன். மூன்று மாதம் தவணை கொடுத்தார் டாக்டர். அதற்குள் நூறுக்குக் கீழே வராவிட்டால் ஸ்டோரில் போல்ட் நட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டு காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

ஸ்டோர் ஒன்றும் கேவலமில்லை. ஆனால் மேலே ஏறியவனுக்குத் தெரியும். சத்தமெல்லாம் கீழேயே தங்கிவிடும். வெல்டிங் பொறிகள் யாரோ தூவிய அரிசிபோலத் தெரியும். கூரையின் பால்நிறத் தகட்டில் வெயில் ஊறி, வெளிச்சம் ஒரு பாத்திரத்தில் தேங்கி நிற்பதுபோல் நிற்கும். தரையில் எப்போதும் யாருக்காவது வழிவிட்டு ஒதுங்குகிற இந்த உடம்பு அங்கே யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அந்த இடத்தை விட்டுக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே எண்ணெயை விட்டோம். ஊறவைத்த கொள்ளும் பூண்டும் முருங்கைக்கீரையும் ஒரு நாள். சுரைக்காயும் பாசிப்பருப்பும் ஒரு நாள். தோலுரித்த கோழி, இடித்த மிளகு, ஒரு சொட்டுக்கூட எண்ணெய் கிடையாது. குதிரைவாலிக் கஞ்சி. முதல் வாரம் பிரஷர் குக்கர் கணக்கில் தண்ணீர் ஊற்றி ஏமாந்தோம். இந்தப் பாத்திரத்தில் ஆவி வெளியே போகாது. மூடியில் முத்து முத்தாய்க் கட்டித் திரும்ப உள்ளேயே சொட்டும்.

"இன்னாய்யா இது, செம்பரம்பாக்கம் ஏரியத் தொறந்து வுட்டுட்டாங்களா?" என்றாள், கரண்டியால் துழாவி ஒரு கொள்ளைத் தேடிக்கொண்டே.

ஆள் பற்றாக்குறையால் அந்த மூன்று மாதமும் எனக்குத் தொடர்ந்து சி ஷிப்ட், ராத்திரி வேலை. காலை ஏழு மணிக்கு வீடு திரும்புவேன். அவள் எல்லாவற்றையும் பாத்திரத்தில் போட்டு, மஞ்சள் விளக்கை ஏற்றிவிட்டு, எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடுவாள். நான் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் படுப்பேன். நான்கு மணிக்கு எழுந்தால் சாப்பாடு தயாராக இருக்கும்.

நாங்கள் இருக்கும் வல்லம் வடகாலில் பகல் தூக்கம் என்பது தனி உலகம். பத்து மணிக்கு மேல் எங்கள் தெருவில் ஆள் கிடையாது. எல்லாரும் ஏதாவது ஒரு கேட்டுக்கு உள்ளே இருப்பார்கள். தூரத்தில் டிரெய்லர்கள் கியர் மாற்றும் சத்தம், அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள் பூண்டு மணம் மெல்ல ஊர்ந்து வரும். பூட்டிய வீட்டில், ஆளில்லாத அடுப்பங்கரையில், யாரோ எனக்காகச் சமைத்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். தூக்கத்துக்குள்ளேயே எனக்கு வாயூறும்.

முதல் மாதம் நான்கு கிலோ இறங்கியது. இரண்டாவது மாதம் எடை மெஷின் முள் அங்கேயே நின்றது. பிறகு ஒரு கிலோ ஏறியது.

"யோவ், கம்பெனி வாசல்ல பிரியாணி துன்னுட்டு வரியா?"

"சத்தியமா இல்லமே."

"மூஞ்சியப் பாரு. நான் வெச்சது நாலு பேருக்கு. சாயங்காலம் பாத்தா ரெண்டு பேருக்குத்தான் கீது."

"வெந்து சுண்டியிருக்கும்."

"ஆவியே வெளிய போவாதுன்னு நீதானய்யா சொன்னே?"

அவள்தான் ருசி பார்க்கிறாள் என்று நானும், நான்தான் புளுகுகிறேன் என்று அவளும் ஒரு வாரம் சந்தேகப்பட்டுக்கொண்டே சாப்பிட்டோம்.

கீழ் வீட்டில் ஒரு தூத்துக்குடிக்காரர் வாடகைக்கு இருந்தார். முப்பதைத் தாண்டியவர், என்னைப் போலவே சி ஷிப்ட், பகலில் தூங்குகிறவர். ஒரு சாயங்காலம் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, மத்தியானம் மேல யாரு இருக்கா?"

"நான்தான். தூங்கிக்கினு இருப்பேன்."

"நீங்க தூங்குதீய, சரி. அப்பம் நடக்கது யாரு?"

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பன்னிரண்டு மணி வாக்கில் காலடி கேட்கும். அடுப்பங்கரைக்குப் போகும். மூடியை எடுத்து வைக்கும் சத்தம், பிறகு கரண்டி, பிறகு பேச்சு.

"இன்னா பேச்சு?"

"சரியா வெளங்கல. 'இன்னும் கொஞ்சம் போடு'ன்னு கேக்க மாதிரி இருந்துச்சு. மதினி லீவு போலன்னு நெனச்சேன்."

மதினிக்கு இரண்டு மாதமாக ஒரு நாள்கூட லீவு இல்லை.

அவளிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. மறுநாள் காலை கோதுமை மாவைப் பிசைந்தாள். கல்யாண வீட்டில் பிரியாணி மாஸ்டர் தம் போடும்போது அண்டாவின் வாயை மாவு வைத்து அடைப்பாரே, அதே மாதிரி கண்ணாடி மூடியைச் சுற்றிக் கயிறாகத் திரித்து ஒட்டி, விரலால் அழுத்தினாள். அறைக் கதவை நான் உள்ளே தாழிட்டுக்கொண்டேன். வாசல் கதவை அவள் வெளியே பூட்டினாள்.

நான்கு மணிக்கு எழுந்தபோது அறைத் தாழ்ப்பாள் திறந்திருந்தது. பாத்திரத்தின்மேல் மூடி ஒழுங்காக இருந்தது. மாவும் சுற்றி இருந்தது. நிம்மதியாகக் குனிந்து பார்த்தேன். மாவு பிய்க்கப்பட்டு, துண்டு துண்டாக மறுபடி பொறுமையாக ஒட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு பெருவிரல் அழுத்தம். அவள் விரலைவிடப் பெரியது. என் நகங்களுக்கு அடியில் வெள்ளையாகக் காய்ந்த மாவு. நாக்கைச் சுழற்றினால் பல்லிடுக்கில் பாதி வெந்த கொள்ளு.

பேய் என்றால் பூசாரியிடம் போகலாம். இது என் விரல். நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது எழுந்து, பசியாறி, தடயத்தை மறைத்து, என்னைப் பழையபடி படுக்க வைத்துவிட்டுப் போகிற ஒருவன். அவனுக்கு என் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரியும். தான் செய்வது தப்பு என்றும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் மாவைத் திரும்ப ஒட்டியிருக்கிறான்.

அன்றிலிருந்து என் மனைவி அறையை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போனாள். சாவி கீழ்வீட்டுக்காரரிடம் இருந்தது; நான்கு மணிக்கு அவர் வந்து திறந்துவிடுவார். எடை இறங்கத் தொடங்கியது. நூற்று மூன்று, நூற்றொன்று. நான் சந்தோஷப்பட்டேன். கீழ்வீட்டுக்காரருக்குத்தான் முகம் சரியில்லை.

"அண்ணாச்சி, இப்பம் கதவத் தட்டுதாவ. கோவமா இல்ல. விருந்துக்கு வந்தவுக தட்ட மாதிரி, மெல்ல. நான் மேல வந்து 'யாரு'ன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"'நான்தான்'னு சொன்னீய."

சாயங்காலம் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "டாக்டராண்ட சொல்லிடுய்யா."

"மொதல்ல பாஸ வாங்கிக்கறேன். அப்பால சொல்றேன்."

"மேல ஏறிக்கினு அது எழுந்துக்கிச்சின்னா?"

"மேல நான் முழிச்சிக்கினுதான இருப்பேன்."

தவணை முடிந்த நாளன்று ஷிப்ட் முடித்து நேராக மருத்துவ அறைக்குப் போனேன். தொண்ணூற்றொன்பதரை. நர்ஸ் சிஸ்டர் மெஷினைத் தட்டிப் பார்த்தார். "இன்னா சார், பாதி ஆள வூட்லயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றார். பிறகு ஒரு படிவத்தைக் கொடுத்தார். வலிப்பு உண்டா, தலைசுற்றல் உண்டா, உயரத்தில் பயம் உண்டா, தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உண்டா. எல்லாவற்றுக்கும் ஒரே வேகத்தில் 'இல்லை'யில் கோடு போட்டேன். நான்காவதிலும் பேனா தயங்கவில்லை. பத்தரை மணிக்கு வந்த டாக்டர் கையெழுத்திட்டார்.

வெளியே வந்தால் சூப்பர்வைசர் காத்திருக்கிறார். ஏழாம் நம்பர் கிரேனில் பிரேக் பிடிக்கவில்லை, லைன் நிற்கிறது, ஓடிப் பாத்துட்டுப் போங்க என்றார். வீட்டுக்குப் போய்ப் படுக்கிற நேரம். ஆனால் புது அட்டை சட்டைப் பையில் சூடாக இருந்தது. பெல்ட்டை மாட்டினேன். சாமான்கள் எடுத்து, கிரேனை ஓரத்துக்கு நகர்த்தி, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, நான் ஏறத் தொடங்கும்போது பன்னிரண்டு ஆகப் போகிறது. முதல் படி, இரண்டாம் படி. உடம்பு இத்தனை லேசாக இருந்து வருஷங்கள் ஆகின்றன. சத்தம் கீழே இறங்கிப் போனது. அந்தப் பால்வெளிச்சம் வந்தது.

பிறகு நான் பாலத்தின் நடுவில் இருந்தேன்.

ஏணியின் உச்சியிலிருந்து நடுப்பாலம் வரை இருபது மீட்டர். அந்த இருபது மீட்டர் என்னிடம் இல்லை. நடக்கையில் பெல்ட்டின் இரண்டு கொக்கிகளையும் மாற்றி மாற்றி, பாலம் நெடுக ஓடும் இரும்பு வடத்தில் மாட்டிக்கொண்டே வர வேண்டும். இரண்டும் சரியாக மாட்டியிருந்தன. என்னைவிடச் சுத்தமாக. வலது கையில் நான் எடுத்ததாக நினைவில்லாத ஸ்பானர். வாய் அசைந்துகொண்டிருந்தது.

கீழே நின்ற ஹெல்ப்பர், நரைத்த தலைக்காரர், வாக்கி டாக்கியில் கேட்டார். "அண்ணே, இன்னா கேட்டீங்க? இன்னும் கொஞ்சம் எதப் போடணும்?"

பாலத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு ஒவ்வொரு கொக்கியாக, ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லி, என் குரல் என்னுடையதுதானா என்று கேட்டுக்கொண்டே, இறங்கினேன். பிரேக்கைப் பார்க்க வேறு ஆளைக் கூப்பிடச் சொன்னேன். நேராக மருத்துவ அறைக்குப் போனேன்.

"சிஸ்டர், அந்தப் படிவத்தத் திருப்பிக் குடுங்க."

"ஏன் சார், அதுக்குள்ள எடை ஏறிடுச்சா?"

அட்டையை மேஜைமேல் வைத்தேன். படிவத்தின் நான்காவது வரியில் போட்ட கோட்டை அடித்துவிட்டு, 'ஆம்' என்று எழுதினேன். அவர் அதைப் படித்தார். அட்டையை எடுத்து டிராயருக்குள் போட்டார். புதுத் தாளில் என் பெயரை எழுதி, நிமிர்ந்தார்.

"எத்தன நாளா கீது இது?"

"அப்ப நான் தூங்கிக்கினு இருந்தேன் சிஸ்டர். எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.