அவர்களுக்கு ஹீலர் வேண்டுமாம்

அந்த விளையாட்டின் முதல் திரையில் நான்கு பேர் நிற்பார்கள். வாளோடு ஒரு போர்வீரன், நெருப்பு வீசும் மந்திரவாதி, காயம் ஆற்றும் ஹீலர், வில்லோடு ஒருத்தி. யாராக விளையாடப் போகிறாய் என்று கேட்கும். நாற்காலிக்குப் பின்னால் நின்ற அண்ணன், "பொம்பளைப் பிள்ளைங்க எல்லாம் ஹீலர்தான் எடுப்பாங்க. அதான் ஈஸி" என்றான். நான் வில்காரியைத் தேர்ந்தெடுத்தேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், நாங்கள் வங்காளத்தில், பெஹாலாவில் குடியிருந்தபோது நடந்தது இது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, தூத்துக்குடியிலிருந்து மாற்றல். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். அண்ணன் என்னைவிட இரண்டு வயது பெரியவன், படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். தேடியது தினமும் ஒரு மணி நேரம் இருக்கும். மீதி நேரமெல்லாம் இந்த விளையாட்டுதான். தெருமுனை கிளப் பையன்கள் சேர்ந்து விளையாட்டுக்குள் ஒரு படை அமைத்திருந்தார்கள். அண்ணன் அதில் துணைத் தலைவன், என் பெயரையும் ஒப்புக்குச் சேர்த்து வைத்திருந்தான். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்பதால் படை கூடும் நேரத்தில் அவன் மெயின் ரோட்டு சைபர் கஃபேக்குப் போய்விடுவான். மற்ற நேரத்தில் எனக்கும் அவனுக்கும் நாற்காலிச் சண்டை.

என் வில்காரி சாதாரண வில்காரி இல்லை. இருபதாம் நிலைக்கு வந்ததும் அந்தப் பாத்திர வகை இரண்டாகப் பிரியும். தூரத்தில் நின்று அம்பு மழை பொழிகிறவள் ஒருத்தி, மறைந்து திரிகிறவள் இன்னொருத்தி. நான் மறைகிறவளை எடுத்தேன். ஒரு விசையைத் தட்டினால் போதும், என் திரையில் அவள் வெறும் நிழலாகிவிடுவாள், மற்றவர்கள் திரையில் அதுவும் இருக்காது. எதிரி பக்கத்திலேயே நடந்து போவான், தெரியாது. அவள் காத்திருப்பாள். ஒரே அம்பு. அவன் விழுந்து, யார் அடித்தது என்று கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் அங்கே இருக்கமாட்டாள்.

இதில் என்ன அப்படி ஒரு சந்தோஷம் என்று கேட்கிறவர்கள் எங்கள் தெருவில் ஒரு வாரம் பெண்ணாக இருந்து பார்க்க வேண்டும். கிளப் வாசல் சிமெண்ட் மேடையில் காலையிலிருந்து கேரம் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் என்ன நிறத்தில் சுடிதார் போட்டிருந்தேன், ஆட்டோவில் என்னோடு யார் இறங்கினார்கள், ஏன் இன்றைக்கு அரை மணி தாமதம், எல்லாம் நான் வீடு போய்ச் சேரும் முன்னே வீட்டுக்குத் தெரிந்திருக்கும். கீழ்வீட்டு வங்காளிச் சித்தி, காகிமா, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கொத்தாய் ஜாச்சோ?" என்று கேட்காமல் என்னை வெளியே விட்டதே இல்லை. நான் எங்கே போனால் அவளுக்கு என்ன? வீட்டுக்குள்ளும் அப்படித்தான். கம்ப்யூட்டர் ஹாலில், கதவுக்கு முதுகு காட்டி. நான் டைப் அடிப்பதைப் படித்துக்கொண்டே யாராவது பின்னால் போவார்கள். தாழ்ப்பாள் போட எனக்கு உரிமை இருந்த ஒரே கதவு குளியலறைக் கதவு. பத்தொன்பது வயதில், யாரும் என்னைப் பார்க்க முடியாத ஒரு விசை என் சுண்டுவிரலுக்கு அடியில் இருந்தது. அது வெறும் விளையாட்டு என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

எட்டு மாதம் அவளை வளர்த்தேன். சதுப்பு நிலத்து ராணிச் சிலந்தியைப் பதினோரு தடவை வேட்டையாடி, பன்னிரண்டாம் தடவைதான் அந்தக் கறுப்பு வில் கிடைத்தது. அன்றைக்கு அம்மாவை இழுத்து வந்து காட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று போய்விட்டாள்.

அப்பாவுடைய காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாற்றலிலேயே வாழ்ந்த மனிதர் அவர். நாளைக்கே ஆர்டர் வந்தாலும் எதையும் தேடக் கூடாது என்பது அவர் சட்டம். அதனால் பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு முழுத்தாள் ஒட்டியிருப்பார். கேஸ் இணைப்பு எண், பாலிசி எண்கள், எல்லாருடைய ரத்த வகை, பள்ளிச் சான்றிதழ் எந்த ஃபைலில் இருக்கிறது என்ற விவரம். ஒவ்வொரு ஊரிலும் வீடு மாறியதும் முதலில் ஒட்டப்படுவது அதுதான், சாமி படம்கூட அப்புறம்தான். கம்ப்யூட்டர் வந்தபின் அதில் பாஸ்வேர்டுகளும் சேர்ந்தன. விளையாட்டுக் கணக்கையும் எழுது என்றார். எழுதினேன். என் கையெழுத்தில், நீல மையில், நானே. எந்த வீட்டிலாவது ஒரு பெண் தன் ரகசியச் சொல்லைப் பீரோவில் எழுதி ஒட்டுவாளா? மாற்றல்காரன் மகள் ஒட்டுவாள். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அந்த விளையாட்டில் கோட்டைப் போர் நடக்கும். ஜெயித்த படையின் கொடி ஒரு வாரம் கோட்டை மேல் பறக்கும். அண்ணனின் படைக்கு அந்தக் கொடி மேல் வெறி. அந்த நேரம் பார்த்து அவர்களுடைய ஹீலர் வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டான். படையில் பதினைந்து பேர். ஒருவனும் தன் வாளைக் கீழே வைக்கத் தயாராக இல்லை.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அண்ணன் ஆரம்பித்தான்.

"நீ ஹீலரா மாறிடேன். ஒனக்கு அந்த ரீசெட் சுருள் இருக்குல்லா?"

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் வாழ்நாளில் ஒரே ஒரு சுருள் கொடுப்பார்கள். பாத்திர வகையை ஒரு தடவை மாற்றலாம். திரும்ப முடியாது.

"மாட்டேன்" என்றேன்.

"தூர்!" என்று வங்காளியில் சலித்துக்கொண்டான். "ஒளிஞ்சு ஒளிஞ்சு தனியா சுத்திக்கிட்டு இருக்கே. யாருக்கு என்ன பிரயோஜனம்? டீம்னு ஒண்ணு இருக்குல்லா?"

"உன் டீம்ல பதினஞ்சு பேரு இருக்கான். ஒருத்தனைக் கேளேன்."

"அவனுங்க எல்லாம் மெயின் ஃபைட்டர்ஸ்."

"நான் யாரு?"

அவன் தயிரை எடுத்து ஊற்றிக்கொண்டான். பேச்சு முடிந்தது என்று நினைத்தேன், மடச்சி.

மறுநாள் அம்மாவோடு லேக் மார்க்கெட் போனேன். மாதத்துக்கு ஒரு தடவை இட்லி அரிசிக்கும் காப்பித் தூளுக்கும் நல்ல முருங்கைக்காய்க்கும் அங்கேதான் போவோம். பஸ் நெரிசலில் போய் வர மூன்று மணி நேரம். திரும்பி வந்து கூடையை இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

வெள்ளை அங்கி. கையில் ஒரு கோல். நுனியில் பச்சை விளக்கு மாதிரி ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. முகம் மட்டும் என் வில்காரியின் முகம். மறையும் விசையைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பத் திரும்பத் தட்டினேன். அவள் ஊர்ச் சந்தையின் நட்டநடுவில் எல்லோரும் பார்க்க நின்றுகொண்டிருந்தாள். பையைத் திறந்தால் கறுப்பு வில்லும் இல்லை. படைக்குப் பொதுவான பெட்டிக்குப் போய்விட்டிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் காகிமா கீழேயிருந்து "கி ஹோலோ?" என்று கத்தினாள். அண்ணன் நிதானமாக வந்து, "கேட்டா தரமாட்டே. அதான்" என்றான். மன்னிப்பு கிடையாது, வெட்கம் கிடையாது. வேலையை முடித்துவிட்ட திருப்தி மட்டும் முகத்தில் இருந்தது. கையில் அகப்பட்ட முருங்கைக்காயால் அடித்தேன். அது இரண்டாக உடைந்தது, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஏட்டி, ஒரு விளையாட்டுக்கா இந்த அழுகை?" என்றாள் அம்மா. "அண்ணன்தானே, விட்டுக் குடுத்தா என்ன கொறஞ்சிருவே?"

அப்பாவிடம் போனேன். காகிதம் ஒட்டியவர், ஒழுங்குக்காரர், அவர் கேட்பார் என்று நம்பினேன். பேப்பரைத் தாழ்த்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ எழுதி வச்சதைத்தானே பாத்தான். திருடவா செஞ்சான்? வீட்டுக்குள்ள என்னட்டி ரகசியம்?" என்றார். பேப்பர் மறுபடி உயர்ந்தது.

எனக்கு வில் போனதைவிட அந்தக் கேள்விதான் தாங்கவில்லை.

ஞாயிறு மதியம் அண்ணன் கஃபேக்குக் கிளம்பும்போது, "பின்னாடியே நில்லு. என் ரத்தம் பாதிக்கு வந்ததும் ஹீல் பண்ணு. அவ்வளவுதான் வேலை" என்று பாடம் நடத்திவிட்டுப் போனான். நான் தலையாட்டினேன். உட்கார்ந்தேன். கோட்டை வாசல் உடைந்தது. பதினைந்து பேரும் உள்ளே பாய்ந்தார்கள். நான் பின்னாடியே நின்றேன். அவன் சொன்ன இடத்தில், சொன்னபடியே.

அவன் ரத்தம் பாதிக்கு வந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

கால் பங்கு ஆனபோது போன் அடித்தது. கஃபேயிலிருந்துதான். எடுத்துக் காதில் வைத்தேன்.

"ஹீல் பண்ணு! ஏய், தூங்குதியா? ஹீல் பண்ணுட்டி!" பின்னால் பையன்கள் வங்காளியில் கத்திக்கொண்டிருந்தார்கள். போனை மேஜைமேல் வைத்தேன். அவன் விழுந்தான். பிறகு ஒவ்வொருவனாக விழுந்தார்கள். கடைசியாக விழுந்தவன் நல்ல பையன், எப்போதும் 'தீதி' என்று அக்கா முறை வைத்துத்தான் எழுதுவான், மற்றவர்கள் மாதிரி என்னைக் கிண்டல் செய்ததே இல்லை. அவன் விழுந்தபோது மட்டும் விரல் விசைமேல் போனது. போய், அங்கேயே நின்றது. வருத்தமாக இருந்தது. ஆனால் அவனும்தானே தன் வாளை விட மறுத்தவன்.

அண்ணன் என்னோடு மூன்று வாரம் பேசவில்லை. படை கலைந்தது. நான் அந்த விளையாட்டை அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

போன வருடம் அவன் வீட்டு விசேஷத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். சாப்பிட்டுவிட்டுப் பழைய கதைகள் ஓடின. அண்ணன் தன் மனைவியின் ஆட்களுக்கு இந்தக் கதையைச் சொன்னான். சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். கோட்டை, கொடி, போன், விழுந்த பதினைந்து பேர், ஒன்றையும் விடவில்லை. "இந்த மகராசி சும்மா நின்னு வேடிக்கை பாத்தா" என்று என்னைக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏன் நின்னேன்னு சொல்லு" என்றேன்.

"ஏன்?"

"என் வில்காரியை நீ என்ன பண்ணேன்னு சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். நடிக்கவில்லை. நடித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

"வில்காரியா?" என்றான். "நீ ஆரம்பத்துலேருந்தே ஹீலர்தானே?"