பத்து விநாடி மௌனம்

யாரும் நம்ப வேண்டும் என்று எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன். ஒலிப்பதிவு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

என் தம்பி சமூகவியல் ஆய்வு மாணவன். தனியாக வாழும் முதியவர்களைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தான். கேள்வி கேட்பது அவன். பதிவு செய்து, பிறகு எழுத்தில் இறக்குவது நான். அவனுக்கு ஒரு விதி உண்டு. பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாது. மனத்துக்குள் பத்து எண்ண வேண்டும். “அடியில கிடக்கறது அப்பதான்க்கா மேல வரும்” என்பான்.

அன்று செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 2.40. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் வீடு, மூன்றாவது மாடி. கூடத்தில் நான்கு நாற்காலிகள். ஒன்றில் தம்பி உட்காரப் போனான்.

“அதுல வேணாம் தம்பி. ஆள் இருக்கு.”

இறந்துபோன மனைவியைச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டோம். தம்பி மரியாதையாக வேறு நாற்காலிக்கு நகர்ந்தான்.

பேட்டி நன்றாகவே போனது. ஆனால் ஒவ்வொரு மௌனத்திலும் டிரைவர் அந்த வெற்று நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டினார். பாதியில் சொன்னார்:

“அவளும் உங்கள ஏதோ கேக்கணுமாம்.”

தம்பிக்கு எதற்கும் விளையாட்டுதான். “தாராளமா கேக்கட்டும் ஐயா. பேட்டிக்கு நாங்க மட்டும்தான் சம்மதம் வாங்கணுமா? எங்களுக்கும் சம்மதம்!”

டிரைவர் சிரிக்கவில்லை.

மறுநாள் மாலை 4.10. வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பதிவின் நீளம் சரியாக 41 நிமிடம். பன்னிரண்டாம் நிமிடம், மௌனம் வரவேண்டிய இடத்தில்… ஒரு பெண் குரல்.

“வீட்டுல யார் யாரு?”

“நானும் அக்காவும்.”

தம்பியின் குரல். அவன் அப்போது வாயே திறக்கவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அடுத்த மௌனம்.

“மத்தியானம் எங்க படுப்ப?”

“முன் ரூம்ல.”

அடுத்தது.

“கதவு?”

“சும்மா சாத்தியிருக்கும்.”

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். தம்பியை உலுக்கிக் கேட்க வைத்தேன். அவன் காதில் வெறும் மௌனம்தான் விழுந்தது.

“தூங்குக்கா. உனக்கு ரொம்ப வேலை.”

அன்றிலிருந்து முன்கதவுக்கு நானே தாழ் போட்டேன். மேலும் கீழும்.

வெள்ளிக்கிழமை. பிற்பகல் 2.40. சமையலறையில் இருந்தேன்.

டக்.

மேல்தாழ்.

டக்.

கீழ்த்தாழ்.

ஓடினேன்.

கதவு திறந்திருந்தது.

தம்பி படுக்கையில்… உடம்பு சூடாக இருந்தது. மூச்சு மட்டும் இல்லை.

மாரடைப்பு என்றார்கள். வயது இருபத்தேழு.

ஒரு மாதம் கழித்து டிரைவரைப் பார்க்கப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் அழுதார். பிறகு, நான் கேட்காமலேயே சொன்னார்:

“அவ மக்கள்தொகைக் கணக்கெடுப்புல வேலை பார்த்தாம்மா. வீடு வீடா ஏறி இறங்குவா. ஒரு வீட்டுல ஒருத்தரைக்கூட விடமாட்டா.”

அன்றுதான் பதிவின் கடைசிவரை கேட்டேன். இறுதியில் ஒரே ஒரு கேள்வி.

“அக்கா… நீங்க?”

பிறகு பத்து விநாடி மௌனம். அத்தோடு பதிவு முடிகிறது.

நான் பதில் சொல்லவில்லை.

நேற்று எடுத்துப் பார்த்தேன். பதிவின் நீளம் இப்போது 41 நிமிடம் அல்ல; 41 நிமிடம் 36 விநாடி.

அவள் இன்னும் காத்திருக்கிறாள்.