காலண்டரில் எழுதிய எண்கள்

அருவங்காட்டில் எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறையில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் வராத நாளையும் சிலிண்டர் மாற்றிய நாளையும் அதில்தான் குறிப்பேன். நாற்பத்திரண்டு வயதில் நாவல் எழுதத் துணிந்தபோது, தினமும் எத்தனை சொல் எழுதினேன் என்பதையும் அதிலேயே சிவப்பு மையில் குறிக்க ஆரம்பித்தேன். இலக்கு ஐந்நூறு. கணவர் வேலைக்குக் கிளம்பியதும் நோட்டுடன் உட்காருவேன். உலை வைக்க எழுந்திருக்கும்போது எண்ணிப் பார்ப்பேன். அவரைத் தவிர யாருக்கும் இது தெரியாது.

ஒருநாள் உறைமோர் வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, காலண்டர் முன்னால் நின்றுவிட்டார்.

"முந்நூத்தி இருவது... நேத்து நானூத்திப் பத்தா?" என்று வாய்விட்டுப் படித்தார். "ஏன் அம்மிணி, எத்தன நாளா இப்பிடி?"

கண்டுபிடித்துவிட்டாரே என்று எனக்குக் காது சூடானது. "ரெண்டு மாசமாங்க்கா."

"உன்ற ஊட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியுங்க்கா. அவரு ஒண்ணும் சொல்றதில்லீங்க."

"ஒண்ணும் சொல்றதில்லையா!" என் முதுகைத் தடவிக் கொடுத்தவர், மோரை மறந்துவிட்டுப் போனார்.

மறுநாள் பாகற்காய்ப் பொரியல் வந்தது. அடுத்த நாள் ஊறவைத்த வெந்தயம். மூன்றாம் நாள் அவர் வீட்டில் எனக்குக் கொடுத்த காபியில் சர்க்கரையே இல்லை.

"என்ற ஊட்டுக்காரருக்கு இருநூத்தம்பதுக்கே காலெல்லாம் எரியுதுங்கறாரு. நீ நானூத்திப் பத்த வெச்சுக்கிட்டு நடமாடறியே!" என்றபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வரிகூட அச்சில் வராத நான் நாவல் எழுதுகிறேன் என்று சொல்வதைவிட, சர்க்கரை நோயாளியாக இருந்துவிடுவது எளிதாகத் தோன்றியது. கசப்புக் காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அதன்பிறகு எனக்கு எழுத்து ஓடிய நாளெல்லாம் அக்காவுக்குத் துக்கம். கதை நகராமல் நான் தலையைப் பிய்த்துக்கொண்ட வாரத்தில், "நூத்திப் பத்து! பாத்தியா பாவக்கா வேலைய!" என்று கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

கோவையிலிருந்து உறவினர்கள் வந்து ஊட்டி சுற்றிய நாளில் நான் நோட்டைத் தொடவே இல்லை. நேர்மையாகப் பூஜ்யம் போட்டேன். மறுநாள் காலை அதைப் பார்த்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"அம்மிணி, பூஜ்யம்னா ஆளே இருக்க முடியாதே! மிஷின் கெட்டுப்போச்சா?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. "அது சர்க்கரை இல்லீங்க்கா. நான் கதை எழுதறேன். தினம் எத்தன வார்த்தைன்னு குறிச்சு வெக்கறேன்."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று பயந்தேன்.

"அப்ப நானூத்திப் பத்து நல்லதா?"

"நல்லதுங்க்கா."

"நூத்திப் பத்து?"

"மோசம்."

"தேங்கா ஒடச்சனே!" என்றார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும், "எழுதி அடிச்சதையும் எண்ணறியா?" என்று கேட்டார்.

"எண்ணறேங்க்கா."

"பொறுக்கிப் போட்ட கல்லையும் அரிசியோட சேத்து அளப்பியா?"

அக்கா நோட்டை எடுக்கச் சொல்லி, முதல் அத்தியாயத்தைப் படிக்கச் சொன்னார். கதாநாயகி மேட்டுப்பாளையத்தில் திடீரென்று பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏன் எறங்குனா?"

"மனசு சரியில்லீங்க்கா."

"மனசு சரியில்லாதவ ஜன்னலோரமாச் சாஞ்சுக்கிட்டு வருவாளா, எறங்கி வெயில்ல நிப்பாளா?"

அவள் வெயிலில் நின்ற மூன்று பக்கங்களை அன்று அடித்தேன். ஜன்னலோரம் உட்கார வைத்து எழுதியது ஒரே ஒரு வரி. ஆனால் அந்த வரியில்தான் முதன்முதலாக அவள் எனக்குத் தெரிந்த பெண்ணாக இருந்தாள். அன்றைய கட்டத்தில் என்ன எண் போடுவதென்று தெரியாமல் வெறுமனே விட்டுவிட்டேன்.

சனிக்கிழமைதோறும் அக்காவுக்குப் படித்துக் காட்டுவது வழக்கமானது. அடுத்த வருஷ மழைக்கு முன்னால் நாவல் முடிந்தது. கடைசி அத்தியாயத்தை அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டார். "பரவால்ல, பொழச்சுக்குவா," என்றார் கதாநாயகியைப் பற்றி. பிரதியை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அடுத்த கதைக்குப் புது நோட்டு வாங்கிவிட்டேன்.