தேயிலைப் பேணி மண்

மன்னார் பேசாலையிலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த அகஸ்ரீனா பதினொரு வருடங்களாக ஒரே வீட்டில் தங்கி வேலை செய்தாள். பார்த்துக்கொண்டது ஹலினா என்ற போலந்துக் கிழவியை. வயது தொண்ணூறைத் தாண்டியவள், இந்த ஊர்க்காரனைக் கட்டி விதவையானவள். அந்த வீட்டுப் பால்கனியில் அகஸ்ரீனாவின் கறிவேப்பிலைச் செடி நின்றது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலுக்கு வரும் எங்கள் தமிழ்ச் சனத்துக்கு ஆளுக்கொரு கொப்பு தருவாள். என் மருமகளுக்குப் பக்தி வந்ததே அதற்குப் பிறகுதான்.

போன வருடம் செடியைப் பெரிய சாடிக்கு மாற்றும்போது மண் போதவில்லை. பல்லரோச் சந்தைக்குப் போகப் பஞ்சிப்பட்டு, அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த தேயிலைத் தகரப் பேணியைத் திறந்தாள். உள்ளே கறுத்த மண். பூச்சாடிக்கு வாங்கிய மிச்சம் என்று நினைத்துக் கவிழ்த்துவிட்டாள். செடி பால்கனிக் கதவை உடைத்துக்கொண்டு வளர்ந்ததாக நான் ஊரெல்லாம் சொன்னேன்.

நவம்பரில் டாக்குத்தர் கைவிரித்த கிழமை, ஹலினா அந்தப் பேணியைக் கேட்டாள்.

“அதுக்குள்ள என்ர தம்பி இருக்கிறான்.”

1940இல் சோவியத்காரர்கள் அவள் குடும்பத்தைச் சரக்கு ரயிலில் ஏற்றி, வடக்கே காட்டுக்குள் மரம் வெட்டும் குடியிருப்பு ஒன்றில் இறக்கிவிட்டார்கள். அடுத்த குளிரில் மூன்று வயதுத் தம்பி பசியில் செத்தான். நிலம் கல்லாக உறைந்திருந்தது. தகப்பன் இரண்டு நாள் நெருப்பு மூட்டியும் முழங்கால் ஆழம்தான் வெட்ட முடிந்தது. விடுதலையாகிப் போகும்போது தாய் அந்தக் குழியிலிருந்து ஒரு பேணி மண் அள்ளினாள். பின்னாளில் தேடிப்போனவர்களுக்குச் சிலுவை ஒன்றும் கிடைக்கவில்லை, மரங்கள்தான் நின்றன.

“இஞ்சை சவத்தைச் சுவர்ப் பொந்துக்குள்ளதான் வைப்பாங்கள், மண் படாது. பெட்டியை மூட முன்னம் அதை என்ர நெஞ்சில கொட்டு.”

அன்று பின்னேரமே அகஸ்ரீனா என்னிடம் வந்தாள்.

“வேற மண்ணை நிரப்பிக் குடு. அவவுக்கென்ன தெரியப்போகுது?” என்றேன்.

“உங்களுக்குப் பொய் வாய்க்கும் மாமி. எங்கட ஊரில ஒரு பிடி மண் போடாமல் ஆரும் சவக்காலையால திரும்புறேல்ல. அந்தப் பிடியில கள்ளம் செய்யச் சொல்லுறியளோ?”

கிழவியிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

“அந்த இலையைச் சாப்பிட்டனியோ?” என்று கிழவி கேட்டாள்.

“ஓம், சிஞ்ஞோரா.”

“வேற ஆர்?”

“கோயில் சனம் முழுக்க.”

கிழவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மூன்று நாள் அகஸ்ரீனாவின் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. நாலாம் நாள் வாய் திறந்தாள்.

“சாடி மண் முழுக்க வேணும். வேரில ஒட்டினதையும் விடாத.”

ஜனவரியில் செத்தாள். சவப்பெட்டியின் தகர மூடியை ஈயத்தால் பற்றவைக்க வந்தவன், சாடியோடு நின்ற அகஸ்ரீனாவைப் பார்த்து, “தோட்டம் போடப்போறியா?” என்று கேட்டான். அவள் சாடி மண் முழுவதையும் கிழவியின் நெஞ்சில் கொட்டி, வேர்களை ஒவ்வொன்றாக விரலால் உருவினாள். வேர் கழுவிய தண்ணீரையும் ஒரு போத்தலில் கொண்டுவந்திருந்தாள். அதை மட்டும் அவன் ஊற்ற விடவில்லை. பெட்டிக்குள் ஈரம் கூடாதாம்.

செடி அந்தக் கிழமையே பட்டுப்போனது. வேலையோடு இருப்பிடமும் போய், இப்போது நகரின் பிரான்காச்சோப் பகுதியில் ஒரு அறையில் இருக்கிறாள். யன்னலோரத்தில் அந்தப் போத்தல் நிற்கிறது. அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கறுப்பாக மண்டி. அதை எங்கே ஊற்றுவதென்று என்னைக் கேட்டாள். எதற்கும் ஒரு கதை சொல்லுகிற எனக்கு, இதற்கு ஒன்றும் வரவில்லை.