விரதத்துக்காக நிறுத்திய குடி

“...விரதக் களைதான் அக்கா, பாலும் பழமும் மட்டும் எண்டா ஆருக்கும் கை நடுங்கும்தானே? சூரன் போர் முடிஞ்சா அவர் தன்ர பாட்டில எழும்பி வேலைக்குப் போவார். நீங்கள் அந்த ஃபோனை மட்டும் உள்ள வையுங்கோ.”

சொல்லிக்கொண்டே அவள் படுக்கையறைக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. கதவுக்குப் பின்னால் அவள் கணவர் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அவரைத் தவிர யாரும் இல்லை.

நான் அந்த வீட்டுக்கு வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரிய படிப்பு எனக்கில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாயை நம்பித்தான் ஒரு பொதுச் சுகாதார ஆய்வில் வேலை கொடுத்தார்கள். நாங்கள் பிழைக்க வந்த வெளிநாட்டு நகரத்தில், தென்பக்கத்து ஏழைப் பேட்டையான மங்கரேயில் வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். என்ன குடிக்கிறீர்கள், எவ்வளவு, மதுக்கடை எவ்வளவு பக்கம், குடியால் உடம்புக்கோ வேலைக்கோ என்ன வந்தது என்று கேட்டு டேப்லெட்டில் குறிக்க வேண்டும். ஒரே அளவு குடித்தாலும் சில பேட்டைகளில், சில நிறத்து மனிதர்களை மட்டும் அது ஏன் அதிகமாகச் சாய்க்கிறது என்பதுதான் ஆய்வு. தமிழ் வீடுகள் என் பங்கு.

எங்கள் குழுத் தலைவி சமோவாத் தீவுக்காரி. மங்கரேயிலேயே பிறந்து வளர்ந்தவள். பயிற்சியின் முதல் நாளே, “போத்தலை எண்ணும்போது கடையையும் எண்ணு. இல்லையென்றால் கடைசியில் மனிதர்களைத்தான் திட்டுவாய்” என்றாள். சொலவடை சேர்ப்பது என் பழக்கம், அதையும் முடிந்துகொண்டேன். நகரின் மேற்கே நான் குடியிருக்கும் கிளென் ஈடன் பக்கம் சூப்பர் மார்க்கெட்டில் பியரோ வைனோ வைத்து விற்கச் சட்டப்படி அனுமதி இல்லை. மங்கரேயில் பாலுக்குப் போனால் வைன் அடுக்கைக் கடந்துதான் திரும்ப வேண்டும்.

முதல் தடவை போனபோது அந்த வீட்டில் ஒரே சிரிப்பு. அவர் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பிரிவில் வண்டி ஓட்டுகிறவர். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இளையவர், அகலமான ஆள். கடை எவ்வளவு பக்கம் என்று கேட்டேன்.

“கோயில் எவ்வளவு தூரம் எண்டு கேளுங்கோ அக்கா, அதுதான் கஷ்டமான கேள்வி. கடைக்கு நான் செருப்புப் போடுறதே இல்லை.”

மனைவி அடுப்படியிலிருந்து, “செருப்புப் போடாமப் போறது கோயிலுக்கு அப்பா!” என்றாள்.

“ரெண்டும் சந்நிதானம்தானே!” என்றார் அவர்.

பிறகு என் டேப்லெட்டைக் காட்டி, “உங்கட கிளென் ஈடன்ல ஒருத்தரும் குடிக்கிறேல்லையோ? இந்த மெஷினோட அங்கயும் போறவையோ?” என்று கேட்டார்.

“போறாங்க தம்பி. அங்க வேற ஆளு.”

“போவினம், போவினம். ஆனா குடி எண்டு ரேடியோவில வாறது மங்கரேதான்.”

சிரித்து வைத்தேன். தினமும் விஸ்கி என்பதை அவரே ஒளிக்காமல் சொன்னார், தினமும் சோறு சாப்பிடுகிறேன் என்பதுபோல. பாதியில் வேலைக்கு அழைப்பு வந்தது. “மிச்சத்துக்கு சஷ்டியில வாங்கோ. லீவு போட்டு விரதம் இருப்பன். அந்த நாளில ஒரு சொட்டும் தொடமாட்டன், என்னை நல்லவன் எண்டு எழுதலாம்” என்றார்.

அப்படித்தான் கந்த சஷ்டி நாட்களில் ஒரு பிற்பகல் மறுபடி போனேன். இந்த ஊரில் ஐப்பசிதான் வசந்தம்; வெளியே நல்ல வெயில். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

“அவருக்குக் கொஞ்சம் ஏலாது அக்கா. இன்னொரு நாள் வாறியளே?”

“என்னம்மா செய்யுது?”

“ஒண்டுமில்லை. இந்த முறை கடும் விரதம். மற்ற வருஷங்களில இடையில களவாக் குடிப்பார், எனக்குத் தெரியும். இந்த முறை காப்புக் கட்டின நேரமே போத்தலை எல்லாம் தன்ர கையாலயே சிங்குக்குள்ள ஊத்தினவர். கோயில்ல எல்லாரும் புகழ்ந்தவை. ஐயர் கூடுதலா ஒரு மாலை போட்டவர்.” சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை வந்தது. அடுத்த கணமே போய்விட்டது. “சட்டையை மாத்தி மாத்திப் போடுறன், நனைஞ்சு நனைஞ்சு போகுது.”

பயிற்சியில் தலைவி சொன்ன எல்லாவற்றிலும் எனக்கு ஒட்டிக்கொண்டது இதுதான்: வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று அடியோடு நிறுத்தினால் உடம்பு தாங்காது. நடுக்கம், வியர்வை, இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவது, பிறகு வலிப்பு. உயிரே போகலாம். டாக்டர் மருந்து கொடுத்துப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். “நல்லது செய்யப் போன மனிதனைத்தான் அது பிடிக்கும்” என்றாள்.

நம் சனம் மாலை போட்டாலும், சஷ்டி வந்தாலும், ஆடிச் செவ்வாய் வந்தாலும் குடியை ஒரே வெட்டாக வெட்டும். வெட்டினவனுக்குப் பாராட்டு. நானும் எத்தனை பேரைப் பாராட்டியிருப்பேன்.

“நான் ஒரு தரம் பார்க்கட்டுமா?” என்றேன். அவள் யோசித்து, விலகி, அறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்தில் வழிந்திருந்தது. மணிக்கட்டில் காப்பு. இரண்டு கையாலும் போர்வையிலிருந்து எதையோ தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அந்தச் சிரித்த மனிதனின் முகத்தில் நான் அதுவரை யார் முகத்திலும் காணாத ஒரு பயம். அது அப்படியே எனக்குள்ளும் இறங்கிவிட்டது.

வெளியே வந்து ஃபோனை எடுத்தேன். அவள் கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்துகொண்டாள்.

“இது விரதக் களை இல்லம்மா. உடம்பு குடியைத் தேடுது. வலிப்பு வந்துரும். ஆம்புலன்ஸ் கூப்பிடணும்.”

அப்போதுதான் அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, முதலில் எழுதினேனே, அதைச் சொன்னாள்.

“உயிருக்கு ஆபத்தும்மா” என்றேன்.

“அவரின்ர வேலையில குடிச்சிருக்கோ எண்டு ஊதிப் பாக்கிறவை அக்கா. ஆசுபத்திரியில குடிகாரன் எண்டு எழுதினா வேலை போகும். விசா அந்த வேலையோட கட்டினது. பிறகு நாங்கள் எங்க போறது?” குரல் இறங்கியது. “முன்வீட்டு மனிசன் சேர்ச்சில பாடுறவர். ஒரு துளி தொடமாட்டார். ஏணியால விழுந்து தலை அடிபட்டு ஆசுபத்திரிக்குப் போனவரை, ஆளின்ர நிறத்தையும் அட்ரஸையும் பாத்திட்டு, குடிவெறி எண்டு நினைச்சுச் சும்மா கதிரையில இருத்தி வச்சவை. குடிக்காத ஆளுக்கே அப்பிடி. எங்கட ஆள் நெசமாவே குடிக்கிறவர். அவரை ஆர் பாப்பினம்?”

எங்கள் ஆய்வு கேட்கும் கேள்விக்கான பதில் அந்தக் கதவில் சாய்ந்து நின்றது. அதை டேப்லெட்டில் குறிக்கவா எனக்குத் தோன்றும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அப்படி ஆகிவிட்டால்? வெறும் காய்ச்சலாக இருந்து, என் வாயால் இவர்கள் வேலையும் விசாவும் போனால்? காய்ச்சல் இல்லையென்றால்? ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் தீ. நடுவில் அந்தக் குளிர்ந்த கை.

உள்ளேயிருந்து அவர் அவளைக் கூப்பிட்டார். அதட்டல் இல்லை. கெஞ்சல்.

“இஞ்சருமப்பா... இந்தப் பிள்ளையளை ஆர் உள்ள விட்டது? கட்டிலில செருப்போட நிக்குதுகள். இறங்கச் சொல்லும். என்னையே பாக்குதுகள்.”

அந்த வீட்டில் பிள்ளைகள் இல்லை.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். என் மணிக்கட்டிலிருந்த பிடி ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது. நான் அவசர எண் 111ஐ அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். ஆம்புலன்ஸ் வேண்டும் என்றேன். ஒரு பெண்குரல் விலாசம் கேட்டது, மூச்சு விடுகிறாரா என்று கேட்டது. சொன்னேன். பிறகு, அவர் மது அருந்துகிறவரா, எவ்வளவு, கடைசியாக எப்போது என்று கேட்டது.

என் வாயில் பதில் தயாராக இருந்தது. ஆனால் அதை நான் சொல்லிவிட்டால், அவள் வீட்டைக் காட்டிக்கொடுத்தவள் நான் என்று ஆகும். வாழ்நாளில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன். நின்ற நேரம் கொஞ்சம்தான். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. “ஹலோ?” என்றது ஃபோன்.

அவள் அதை என் கையிலிருந்து வாங்கினாள். “விஸ்கி,” என்றாள். பிறகு அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, தினமும் குடிப்பார், நிறையக் குடிப்பார், சாமிக்காக நிறுத்திவிட்டார், நல்ல மனிதர், கெதியாக வாருங்கள் என்றாள். சொல்லிக்கொண்டே நடந்துபோய் முன்கதவை அகலத் திறந்துவைத்தாள். வெறுங்காலோடு ரோட்டில் இறங்கினாள். முன்வீட்டில் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்க, குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல், என் கணவர் குடிக்கிறவர் என்று இன்னொரு தரம் ஃபோனில் சொன்னாள்.